சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

1839-ஆம் ஆண்டில் அமிஸ்டாட் என்ற கப்பலில் அடைத்துக் கொண்டு போன 53 ஆப்பிரிக்கர்கள் விலங்கை உடைத்துக் கப்பலையே கைப்பற்றினார்கள். அவர்களில் நால்வர் சிறுபிள்ளைகள். தலைமை தாங்கியவர் செங்பே பியே. 1841-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு விடுதலை அளித்தது. இந்தச் சம்பவம் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகமாகவே கிடைக்கிறது. அடிமைகள் அழுது கிடந்தவர்கள் மட்டுமல்லர், எதிர்த்து நின்றவர்கள் என்பதைப் பிள்ளை படத்திலேயே பார்த்துவிடுகிறது.

பத்தாங் காலியிலும் கோலசிலாங்கூரிலும் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது?

ஒரு சைக்கிள் போதும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றையும் வைத்தார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. சம்பளக் கணக்கு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏறாது. "ஏன் இறங்கணும்?" என்ற கேள்வி உடனே ஏறும்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். மே மாதம் அவர் கைதானதும் போராட்டம் வலுத்தது. அவர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் மாண்டார்கள். அடக்க வந்த படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதைப் படத்தில் மறைக்கக் கூடாது. துரை மட்டுமே வில்லன் என்று வரைவது சுலபம். கிராணி எந்த நாட்டுக்காரர் என்று பிள்ளை கேட்குமே!

ஒரு எச்சரிக்கையும் தேவை. தோட்டத் தொழிலாளியை அடிமை என்று எழுதிவிடக் கூடாது. பிரிட்டிஷ் காலனிகளில் 1834-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் கொண்டு போகப்பட்டது உண்மை. ஆனாலும், சந்தையில் விற்கப்பட்டவரும் ஒப்பந்தத்திலும் கடனிலும் சிக்கியவரும் ஒன்றல்ல. மலாயாவில் அந்த ஒப்பந்தமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது.

பத்தாங் காலி வகுப்பறைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1948 டிசம்பர் 12-இல் அங்குள்ள ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் ஏந்தாத 24 சீனர்களை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அதுவும் சொந்த ஊர்க் கதைதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தம் வேண்டாம். சாலையோரம் ஆளில்லாமல் நிற்கும் சைக்கிளை வரையலாம். ஐவர் என்ற கணக்கை ஆறாம் ஆண்டில் சொல்லிக்கொள்ளலாம்.