திரைக்கு அப்பால்: கிறிஸ்தவ இறையியலில் குருத்துவமும் பலியும்

அரபு மொழியின் 'குர்பான்' என்னும் சொல்லும் எபிரேய மொழியின் 'கொர்பான்' என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. நெருங்குதல், அண்மை என்பதே அவ்வேரின் பொருள். ஆதம் (அலை) அவர்களின் இரு புதல்வர்கள் அளித்த காணிக்கையைத் திருக்குர்ஆன் (5:27) இச்சொல்லாலேயே சுட்டுகிறது. தவ்ராத்தின் லேவியர் ஆகமம் பலிகளைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் இச்சொல்லைக் கொண்டுதான். அரபுக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் அர்ப்பணிக்கும் அப்பத்தைக் 'குர்பான்' என்பர். கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவர்கள் அவ்வழிபாட்டையே 'குர்பானா' என்பர். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுக்கும் நமக்கு இவ்வுறவு வியப்பளிக்கலாம். பலியின் நோக்கம் இறைவனை நெருங்குவது என்பதில் மூன்று சமயத்தாருக்கும் சொல்லளவிலேனும் கருத்து வேறுபாடில்லை. யார் நெருங்குவது, எதைக்கொண்டு நெருங்குவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

கிறிஸ்தவம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையே ஒரு குருவை நிறுத்திய சமயம் என்று நம் மேடைகளிலும் நூல்களிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. மறுபாதியை அறிய எருசலேம் ஆலயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தைத் திரைச்சீலை மறைத்திருந்தது. ஹாரூன் (அலை) அவர்களின் வழிவந்த தலைமைக் குரு மட்டுமே, ஆண்டுக்கு ஒருநாள், பாவ நிவாரண நாளில் அதனுள் நுழையலாம். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் 'யோமா' பகுதி அந்நாளை விரிவாக வருணிக்கிறது. ஏழு நாட்களுக்கு முன்பே அவர் தம் இல்லத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஆலய வளாக அறையொன்றில் தங்கவைக்கப்படுவார். அவருக்குத் தீட்டு நேர்ந்துவிட்டால் என்செய்வது என்று மாற்றுக் குரு ஒருவரும் ஆயத்தமாக இருப்பார். முந்தைய இரவு அவரை உறங்கவிடாமல் பார்த்துக்கொள்வர். அந்நாளில் ஐந்துமுறை முழுக்கு. பத்துமுறை கை கால் கழுவுதல். முதலில் தமக்காகவும் தம் வீட்டாருக்காகவும் ஒரு காளை, பிறகு மக்களுக்காக ஓர் ஆட்டுக்கடா. இரண்டாவது கடா மக்களின் பாவங்களைச் சுமந்ததாகக் கருதப்பட்டு வனாந்தரத்திற்கு விரட்டப்படும். திரைக்குள் சென்று வந்த குரு வெளியறையில் நின்று செய்யும் பிரார்த்தனையை நீட்டமாட்டார்; நீட்டினால் வெளியே நிற்கும் மக்கள் அஞ்சிவிடுவர். அவர் காலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்றொரு கதையும் உலவுகிறது. அது இடைக்காலத்தது, மிஷ்னாவில் இல்லை.

இத்தனை காவலுக்கும் உள்ளே இருந்தது என்ன? முதல் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. அதன்பின் எழுந்த இரண்டாம் ஆலயத்தில் உடன்படிக்கைப் பேழை இல்லை. மூன்று விரல் உயரக் கல்லொன்று மட்டும் இருந்ததாக மிஷ்னா கூறுகிறது. கி.மு. 63இல் உரோமைத் தளபதி பாம்பே அத்துமீறி உள்ளே நுழைந்தபோது அங்கே கடவுளின் உருவம் எதையும் காணவில்லை என்று உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்துள்ளார். உருவமற்ற இறைவனின் இல்லத்தில் அவர் வேறெதை எதிர்பார்த்தார் என்பது தெரியவில்லை!

ஆயினும் அந்தக் குருபீடம் அரசியலுக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. உரோமை ஆளுநர்கள் தலைமைக் குருக்களை நியமிக்கவும் நீக்கவும் செய்தனர். அவர்களின் சடங்கு அங்கிகள்கூடச் சில காலம் அந்தோனியா கோட்டையில் உரோமைக் காவலில் இருந்தன. பண்டிகைகளுக்கும் நோன்பு நாளுக்கும் மட்டும் வெளியே தரப்பட்டன. இதனை எழுதியவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ். இறை சந்நிதிக்குள் நுழைவோரின் உடை அந்நியப் படையின் பூட்டுக்குள் கிடந்தது என்றால், அக்காலத்துப் பக்தர்கள் பலர் அப்பீடத்தின் மீது கசப்புற்றிருந்ததில் வியப்பில்லை. கி.பி. 70இல் டைட்டஸின் படை ஆலயத்தை எரித்தது, பலி நின்றது. யூதர்கள் தொழுகையையும் தவ்பாவையும் தர்மத்தையும் பலியின் இடத்தில் வைத்துத் தம் சமயத்தைக் காத்துக்கொண்டனர்.

கிறிஸ்தவர்கள் வேறு விடை கண்டனர். அவ்விடையை முழுமையாக வடித்தது புதிய ஏற்பாட்டிலுள்ள 'எபிரெயருக்கு எழுதின நிருபம்'. எழுதியவர் பெயர் அதில் இல்லை; அதை இறைவனே அறிவான் என்று மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிஜன் கருதினார். ஆலயம் அழியுமுன் எழுதப்பட்டதா, பின்னரா என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதன் வாதம் துணிவானது. இயேசு லேவி கோத்திரத்தார் அல்லர், யூதா கோத்திரத்தார். எனவே அவர் ஆலயக் குருவாக இயலாது. அதனால் இப்ராஹீம் (அலை) அவர்களை வாழ்த்தியதாக ஆதியாகமம் கூறும் மெல்கிசேதேக்கின் வரிசையில் அவரை நிருபம் சேர்க்கிறது. குருவும் அவரே, பலியும் அவரே; அப்பலி ஒரேமுறை நிகழ்ந்தது, மீண்டும் தேவையில்லை. கிழிந்த திரை அவருடைய உடலே. அதன் வழியே எல்லா விசுவாசிகளும் தயக்கமின்றிச் சந்நிதிக்குள் நுழையலாம்.

ஆக, அந்நிருபத்தின் நோக்கம் குருக்களைப் பெருக்குவதன்று, குருபீடத்தை முடித்துவைப்பது. தொடக்காலச் சபைத் தலைவர்களைப் புதிய ஏற்பாடு 'மூப்பர்', 'கண்காணி' என்றே அழைக்கிறது. ஆலயக் குருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அவர்களுக்கு வழங்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டில், கார்தேஜ் ஆயர் சிப்ரியானின் எழுத்துகளில் நிலைமை மாறிவிட்டது: ஆயரே குரு, அப்பமும் இரசமும் அவர் செலுத்தும் பலி. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் அவை கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று அறிக்கையிட்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது. ஒரு சமயம் தான் கிழித்ததாகச் சொன்ன திரையைத் தானே மீண்டும் தைத்துக்கொண்டது என்று லூத்தர் 1520இல் முறையிட்டதன் சாரம் இதுவே. திருமுழுக்குப் பெற்ற அனைவரும் குருக்களே என்றார் அவர். 1562இல் திரெந்து சங்கம் மறுத்துரைத்தது: சிலுவையில் நிகழ்ந்த அதே பலியே இரத்தம் சிந்தாத முறையில் பூசையில் நிகழ்கிறது, அது வேறொரு பலி அன்று.

இவ்விவாதத்தில் நாம் ஒரு தரப்பின் வழக்கறிஞராக நிற்க வேண்டியதில்லை. குரு யார் என்பதைவிட ஆழமான வேறுபாடு வேறோரிடத்தில் உள்ளது. இரத்தம் சிந்துதல் இன்றி மன்னிப்பில்லை என்ற கொள்கையை எபிரெய நிருபம் கைவிடவே இல்லை. இறுதியான ஓர் இரத்தத்தை நாடுகிறது. அறுக்கப்பட்டவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, அடியாரின் இறையச்சமே அடைகிறது என்று திருக்குர்ஆன் (22:37) அந்தக் கொள்கையின் வேரிலேயே மாறுபடுகிறது. விவாதம் அங்கே நடைபெற வேண்டும். பாதிரியாரின் அங்கியைப் பற்றியல்ல. இடையாள் பற்றிய கேள்வி நமக்கும் அந்நியமானதன்று. வசீலா குறித்து நம் ஊர்களில் எத்தனை மேடைகள் சூடேறின என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இப்பிளவின் தடம் தமிழிலும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டின் வழிவந்த புராட்டஸ்டண்டுகள் 'ஆசாரியன்' என்னும் சொல்லை ஆலயக் குருவுக்கும் கிறிஸ்துவுக்கும் ஒதுக்கிவிட்டு, தம் ஊழியரைப் 'போதகர்' என்றனர். கத்தோலிக்கர் 'குரு' என்றும், வழிபாட்டை முன்பு 'பூசை' என்றும் பின்னர் 'திருப்பலி' என்றும் வழங்கினர். எல்லா விசுவாசிகளுக்கும் பொதுவான குருத்துவம் உண்டு என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் பணிக்குருத்துவம் அதனின்றும் அளவில் மட்டுமல்ல, சாரத்திலேயே வேறானது என்று அதே பத்தியில் சேர்த்தது.