ரஃப் ரைடர்ஸ்

அமெரிக்க-ஸ்பானியப் போரில் (1898) பங்கேற்ற, ‘முதலாம் அமெரிக்கத் தன்னார்வக் குதிரைப்படை’யின் பட்டப்பெயர். லியனார்ட் வுட் இதன் தளபதி. கடற்படைத் துணைச் செயலர் பதவியைத் துறந்து வந்த தியோடர் ரூஸ்வெல்ட் துணைத் தளபதி.

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் படை திரட்டப்பட்டது. அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளின் மாடுமேய்ப்பர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், பூர்வகுடியினர், ஹார்வர்ட் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் என அனைவரும் ஒரே அணியில் நின்றனர்.

புளோரிடாவின் டாம்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கடும் தட்டுப்பாடு. 12 பிரிவுகளில் எட்டு மட்டுமே கியூபாவுக்குப் புறப்பட்டன. அதிகாரிகளின் குதிரைகள் தவிர மற்றவை கரையிலேயே விடப்பட்டதால், குதிரைப்படை காலாட்படையாகவே போரிட்டது.

ஜூன் 24 அன்று லாஸ் குவாசிமாஸில் முதல் மோதல் நடந்தது. வுட் பதவி உயர்வு பெற, ரூஸ்வெல்ட் தலைமையேற்றார். ஜூலை 1 அன்று சான் ஹுவான் குன்றுகளை நோக்கிய தாக்குதலில் கெட்டில் குன்றைப் பிடித்தனர். குதிரையில் முன்னேறிய ரூஸ்வெல்ட், கம்பிவேலி குறுக்கிட்டதும் இறங்கி நடந்தே ஏறினார். கறுப்பின வீரர்களைக் கொண்ட 9, 10ஆம் குதிரைப்படைகளும் உடன் போரிட்டன. ஆனால் பத்திரிகைகளின் புகழ்மாலை பெரும்பாலும் ரூஸ்வெல்ட்டுக்கே விழுந்தது.

ஜூலை 17 அன்று ஸ்பானியர் வசமிருந்த கியூபாவின் சாண்டியாகோ நகரம் சரணடைந்தது. மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் துருப்புகளை வாட்டின. செப்டம்பரில் நியூயார்க்கின் மொன்டாக்கில் படை கலைக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் 1901இல் அமெரிக்க அதிபரானார். இறந்து பல்லாண்டுகளுக்குப் பின், 2001இல் அவருக்கு ‘மெடல் ஆஃப் ஹானர்’ வழங்கப்பட்டது.