மருத்துவமனையும் தோழமையும்: குடிநோயிலிருந்து மீள இரு வழிகள்

குடியை விட நினைப்பவரிடம் இரண்டு இடங்களைச் சொல்வார்கள். ஒன்று சிகிச்சை மையம். மற்றொன்று ‘ஏ.ஏ.’ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். எது நல்லது என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு என்பதே என் பதில்.

ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன் நகரில் பிறந்தது. தொழில் நிமித்தமாக அங்கே போன பில் வில்சனுக்கு, விட்டிருந்த குடியின் மீது மறுபடி ஆசை எழுந்தது. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அறுவை மருத்துவர் பாப் ஸ்மித் கிடைத்தார். அந்த இருவரின் பேச்சே இயக்கமாக வளர்ந்தது. சென்னையில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனைக்கு வேர் ஒரு மரணம். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அதை நடத்தும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை 1980இல் தொடங்கினார். ஒன்றைத் தொடங்கியவர்கள் குடித்தவர்கள். மற்றதைத் தொடங்கியவர் குடித்தவரின் மனைவி. குடி ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

வேறுபாடு வழிமுறையில் இருக்கிறது. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும் மனக்குழப்பமும் வரும். இது உயிரையே பறிக்கலாம். இந்த நாட்களுக்கு மருந்தும் தயமின் ஊசியும் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். ஏ.ஏ. கூட்டத்தால் இதைத் தர முடியாது. “மனசு வைத்தால் விட்டுவிடலாம்” என்று வீட்டிலேயே பூட்டிவைப்பது ஆபத்து.

ஆனால் மருத்துவமனை வாசம் சில வாரங்களில் முடிந்துவிடும். பழைய தெரு, பழைய நண்பர்கள், சம்பள நாள், கல்யாண வீடு எல்லாம் அப்படியே காத்திருக்கும். ஏ.ஏ.வின் பலம் அங்கே தொடங்குகிறது. கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. தானும் குடித்து மீண்ட ஒருவர் ‘ஸ்பான்சராக’ நின்று வழிகாட்டுவார். எந்த மருத்துவருக்கும் கிடைக்காத உரிமை அவருடைய சொல்லுக்கு உண்டு. 2020இல் வெளியான காக்ரன் ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் ஏ.ஏ.வும் அதற்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சையும் பிற உளவியல் சிகிச்சைகளை மிஞ்சுவதாகக் கண்டது. ஒரு குறையும் உண்டு: ‘நம்மைவிட உயர்ந்த சக்தி’ என்ற அதன் பேச்சு இறைநம்பிக்கை இல்லாத சிலருக்கு ஒட்டாது.

குடும்பத்தை இரண்டும் மறக்கவில்லை. டி.டி.கே.யில் குடும்பத்தினருக்கும் ஆலோசனை உண்டு. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் உருவாக்கிய அல்-அனான், குடிப்பவர் நிறுத்தாவிட்டாலும் வீட்டார் தங்களை மீட்டுக்கொள்ள உதவுகிறது.

வில்சனே 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத்தான் குடியை விட்டார். அந்த முடிவைக் காத்துக்கொள்ளத்தான் அவருக்குத் தோழமை தேவைப்பட்டது. ஆகவே, உடலை மீட்க முதலில் மருத்துவம். மீண்டதைக் காக்க ஆண்டுக்கணக்கில் தோழமை. இடையில் ஒருமுறை சறுக்கினால் அதைத் தோல்வி என்று கைவிடாதீர்கள். சர்க்கரை நோயைப் போல இதற்கும் மறுபடி சிகிச்சை உண்டு. உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தால் 14446 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணை இன்றே அழையுங்கள்.