கட்டு நின்றால்தான் கணக்கு

வண்டியில் கேமரா மாட்டித் தரச் சொல்லி வருகிற தம்பிகளிடம் நான் முதலில் கேமராவைக் கேட்பதில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஹேண்டில்பார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு டேங்க், பிறகு பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம். எங்கே அதிர்வு குறைவோ அங்கேதான் கிளாம்பு. புல்லட் என்றால் பெரும்பாலும் ஹெல்மெட்டின் தாடைப் பக்கம்தான் மாட்டுவேன். ஒற்றை சிலிண்டரின் உதறலை மனிதனின் முதுகும் கழுத்தும் விழுங்குகிற மாதிரி எந்த ரப்பரும் விழுங்காது. கடைசியாகக் கேமராவிலிருந்து ஹெல்மெட்டுக்கு ஒரு மெல்லிய நைலான் கயிறு. ஒட்டிய டேப் கைவிட்டாலும் கயிறு பிடித்துக்கொள்ளும்.

"கட்டு நின்னாத்தான்டா கணக்கு" என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி. அவர் காலத்தில் கள்ளக்குறிச்சியில் வண்டிக் கேமரா ஏது? அவர் சொன்னது கிலோமீட்டர் ஒயரை. முன்சக்கரக் குடத்துக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் இந்த ஒயரைத் திருக, மேலே மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழலும். காந்தத்தைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தத்தின் சுழற்சி கிண்ணத்தை இழுக்க, மயிரிழை ஸ்பிரிங் அதைத் தடுக்க, இரண்டுக்கும் நடுவே முள் நிற்கும். ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ஸ 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. நூறு வருடம் கழித்தும் நம் ஊர் வண்டிகளில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒயர் முனையில் நட்டு தளர்ந்தால் முள் ஆடும், எண் நிற்கும். மேஸ்திரி முள்ளை மதிக்கவே மாட்டார். "அது அப்போதைக்குப் பேசுறது. எண் சக்கரம்தான்டா எழுதி வைக்கிறது" என்பார். வண்டியில் பதிவு என்பது கேமராவோடு வந்ததென்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த எண் சக்கரம்தான் முதல் பதிவு.

அதற்கும் ஒரு பாட்டன் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சர்வேக்காரர்கள் ஒரு பெரிய சக்கரத்தைக் கைப்பிடியில் கோத்துச் சாலை நெடுகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரம்புலேட்டர் என்று பெயர். சக்கரத்தோடு கோத்த பல்சக்கரங்கள் எத்தனை சுற்று என்று முகப்பில் காட்டும். சென்னையில் 1794-இல் மைக்கேல் டாப்பிங்கின் யோசனைப்படி 8 பிள்ளைகளோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. அந்தக் காலத்துச் சாலை வரைபடங்களுக்குப் பின்னால், வெயிலில் இந்தச் சக்கரத்தைத் தள்ளிய எத்தனையோ பெயரில்லாத கலாசிகளின் கால்கள் இருக்கின்றன. அவர்களை நான் என் தொழிலின் மூத்தவர்களாகவே நினைக்கிறேன்.

சக்கரத்துக்கு ஒரு குணம்: கூட்டிச் சொல்லும். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, வளைந்து நெளிந்து போகிற ஒவ்வொரு சாணும் கணக்கில் சேரும். அதனால்தான் நிலத்தைத் துல்லியமாக அளக்க வந்த வில்லியம் லாம்ப்டன் சக்கரத்தை நம்பவில்லை. 1802-இல் பரங்கிமலை அடியில் நூறடிச் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் அடிக்கோடு அளந்துவிட்டு, மீதியைத் தியோடலைட்டால் கோணம் பார்த்தே கணக்கிட்டார். அந்தத் தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு கோணிப்போயிற்று. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே அதை நிமிர்த்தினார்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு மேலே, கல்வராயன் மலைச்சாலையில் என் முதல் கேமரா போனது நினைவுக்கு வந்தது. முதல் நாள் இரவு ஒட்டிய டேப். அது முழுப்பிடி பிடிக்க 72 மணி நேரம் வேண்டும் என்று அப்போது தெரியாது. விடிகாலைப் பனியில் ஒட்டு இளகி, ஒரு குலுக்கலில் கழன்று, கீழே மரங்களுக்குள் போய்விட்டது. கயிறு கட்டவில்லை. கேமரா போனதைவிட, அன்று எடுத்த பாதை போனதுதான் வலித்தது.

ஓடுகிற வண்டியில் படம் எடுக்கும் ஆசை, படம் எடுக்கும் தொழில் அளவுக்கே பழையது. ஆனால் பைக்கில் அது எளிதாக நடக்கவில்லை. 1971-இல் அமெரிக்கரான புரூஸ் பிரவுன் பந்தய வண்டிகளைப் பற்றி எடுத்த 'ஆன் எனி சன்டே' படத்துக்காக, ஃபிலிம் கேமராவையே ஹெல்மெட்டில் கட்டி ஓட்டினார்கள். தலையில் அவ்வளவு எடையோடு வளைவில் சாய்ந்தவர்களின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முப்பது வருடம் கழித்து நிக் வுட்மன் என்ற கடலலைச் சறுக்கு வீரர் கோப்ரோவைத் தொடங்கினார். அவர் முதலில் உருவாக்கியது கேமராவை அல்ல, கேமராவை மணிக்கட்டில் கட்டும் வாரை. 2004-இல் விற்ற முதல் கோப்ரோ வெறும் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. வார்தான் புதுசு. மேஸ்திரி இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

நம் பக்கத்துப் பந்தயக் கதையும் இதில் சேரும். 1955-இல் புல்லட்டை நம் மண்ணில் கட்ட வந்த என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை திருவொற்றியூரில். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப்போர்க்கால விமான ஓடுதளமே பந்தயப் பாதையாக இருந்தது. அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்குப் பதிவுக் கருவி ஸ்டாப்வாட்சும், சாக்பீஸ் எழுதிய பலகையும், ஸ்பார்க் பிளக்கும்தான். முழு வேகத்தில் வந்து சட்டென்று இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். பிஸ்கட் நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் அதிகம். ஒரு சுற்றின் வரலாறு அந்த நுனியில் எழுதியிருக்கும். இன்று ஓசூர் டிவிஎஸ் ரேசிங் மாதிரியான அணிகள், முன் ஃபோர்க் எத்தனை மி.மீ. அமுங்கியது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்தது, எத்தனை பாகை சாய்ந்தது என்று நொடிக்குப் பலமுறை எழுதிக்கொள்கின்றன. அந்த வழியில்தான் 2024 டக்கார் ராலியில் கேரளத்து ஹரித் நோவா ஷெர்கோ டிவிஎஸ் வண்டியில் ராலி-2 பிரிவை வென்றார். ஆனாலும் நான் பிளக் பார்ப்பதை விடவில்லை. எண்ணும் நிறமும் ஒத்துப்போகும்போது வருகிற நிம்மதி தனி.

ஜிபிஎஸ் நம் கைக்கு உண்மையில் வந்த நாள் 2000 மே மாதத் தொடக்கம். அதுவரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே கலங்கடித்துத் தந்தது, அன்று நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் பாதைப் பதிவு என்ற சொல்லுக்கே பொருள் வந்தது. அதுவும் தானாகச் சரியாக இருக்காது. நொடிக்கு ஒரு புள்ளி வைக்கிற கருவியோடு 36 கி.மீ. வேகத்தில் ஏறினால், புள்ளிக்குப் புள்ளி 10 மீட்டர். கொண்டை ஊசி வளைவை அது வளையாமல் குறுக்கே வெட்டிவிடும். சக்கரம் கூட்டிச் சொன்ன இடத்தில் செயற்கைக்கோள் குறைத்துச் சொல்லும். அதனால் மலைக்கு நொடிக்கு 10 புள்ளி வைக்கிற கருவியைத்தான் கட்டுகிறேன். புள்ளிக்குப் புள்ளி ஒரு மீட்டர். உயரத்துக்கு அதையும் நம்பாமல் காற்றழுத்தமானி. ஏறத்தாழ 8, 9 மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும், காது அடைப்பதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

இவ்வளவு ஏன் என்றால், கேமரா மட்டும் இருந்தால் மலை பொய்யாகிவிடும். அகலக் கண்ணாடி எந்த ஏற்றத்தையும் தட்டையாக்கிவிடும். வெள்ளிமலைக்கு முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறிய வண்டி, படத்தில் சேலம் சாலையில் போவதுபோல் தெரியும். வேகம் மட்டும் இரட்டிப்பாய்த் தெரியும். படத்தைப் பார்த்து, "சும்மா ஏறிடலாம்ணா" என்று கிளம்புகிற பையன் பிரேக் சூடாகி இறங்குவான். அதனால் படத்தோடு சரிவு, உயரம், வேகம் மூன்றும் ஓட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி என்று ஏடுகளில் இருக்கிறது. ஆனால் மலையில் வாழ்ந்தவர்களின் பாதை எந்த ஏட்டிலும் சரியாக ஏறவில்லை. மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். 2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தபோது, நாடே மலையைச் சாராயம் காய்ச்சும் இடமென்று பார்த்தது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அதுவரை ஒரு கர்ப்பிணியை எத்தனை கொண்டை ஊசி, எத்தனை குழி தாண்டி இறக்க வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. என் மெமரி கார்டில் அது நொடி நொடியாக இருக்கிறது. மழைக்கு முன் ஒரு பதிவு, மழைக்குப் பின் ஒரு பதிவு.

போன மாசி மாதம் மலையில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை ஓட்டிக் காட்டினேன். சிறுவயதில் கடுக்காயும் புளியும் தலையில் சுமந்து கச்சிராயபாளையம் சந்தைக்கு இறங்கியவர். பேரன் போனைப் பிடித்துக்கொண்டான்.

"எத்தினி தொலைவுன்னு காட்டுதா தம்பி?"

காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இறங்கையிலே. மூட்டையோட ஏறுனா ரெண்டு மடங்கு" என்றார். சரிவுக்கோட்டைத் திருப்பி, ஏறும் பக்கத்தைக் காட்டினேன். விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு சுமைதாங்கி இருந்துச்சு. ரோடு போட்டப்போ எடுத்துட்டாங்க."

படத்தை அங்கேயே நிறுத்தினோம். திரையில் வெறும் தடுப்புச் சுவரும் புல்லும். கருவியில் அந்தப் புள்ளிக்கு ஒரு பெயர் கேட்டது. சுமைதாங்கி என்று பேரன் தட்டினான். "எழுத்து சரியா இருக்கானு வாசிச்சுக் காட்டுடா" என்றார் பெரியவர்.