மொழி மடியும் மேசை: ஒரு விளையாட்டும் மும்பையின் தமிழ்களும்

பாத்திரமேற்பு விளையாட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஒன்றே. வாளேந்திய வீரர், மந்திரவாதி, பாதாள அறை ஆகியவற்றோடு இவ்வகை முடிந்துவிடுவதாக ஒரு பொதுநினைப்பு உண்டு. ஆனால் அந்தப் புகழ்பெற்ற பெயருக்கு அப்பால் அரை நூற்றாண்டாக அது பல கிளைகள் விட்டு வளர்ந்திருக்கிறது. அவற்றுள் ஒரு கிளை மொழியைப் பற்றியது. மும்பைத் தமிழரின் சமூக வரலாற்றைப் பயில்வோர் அதனைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. அது நமக்குப் பயன்படும் கருவி. அது பொருந்தாமல் போகும் இடம் அதனினும் பயனுடைய பாடம்.

முதலில் இவ்வகையைப் பற்றிச் சில சொற்கள். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மனிதரை ஏற்று, அவராகவே பேசி, அவராகவே முடிவெடுத்து, கூட்டாக ஒரு கதையை நிகழ்த்துகின்றனர். பார்வையாளர் இல்லை, எழுதிவைத்த வசனம் இல்லை, விதிகள் மட்டும் உண்டு. இதன் மூதாதை ஒரு போர்ப்பயிற்சி. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'கிரீக்ஷ்பீல்' விதிகளின்படி, அதிகாரிகள் வரைபடத்தின்மீது படைகளை நகர்த்துவர். நடுவர் ஒருவர் விளைவை அறிவிப்பார். படைப்பிரிவு நின்ற இடத்தில் பிற்காலத்தார் ஒரு தனிமனிதரை நிறுத்தினர். அவ்வளவில் போர்ப்பயிற்சி கதையாயிற்று.

மொழியியல் இந்த மேசைக்கு வந்தது 1975இல். 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்ற விளையாட்டை உருவாக்கிய எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வுத் துறைப் பேராசிரியர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் எழுதியவர். தம் கற்பனை உலகின் மக்களுக்கு இலக்கணமும் எழுத்தும் உடைய 'சோல்யானி' என்னும் மொழியை அவர் வகுத்தார். திராவிட வேர்ச்சொல் அகராதியை பரோவுடன் சேர்ந்து தந்த எமனோ பணியாற்றிய பெர்க்லியில்தான் பார்க்கர் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அவர் ஆராய்ந்தது, ஓரிகன் மாநிலப் பழங்குடியினரின் கிளாமத் மொழி. அதன் கதைத்தொகுப்பையும் அகராதியையும் 1963இல் வெளியிட்டார். இலக்கணம் 1964இல் வந்தது. கிளாமத்தைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2003இல் மறைந்தார். மடிந்துகொண்டிருந்த ஓர் உண்மை மொழியைப் பதிவு செய்த கையே, யாரும் பேசியிராத ஒரு மொழியையும் படைத்தது.

இதே பார்க்கர் புனைபெயரில் நாஜிக் கொள்கையைப் போற்றும் நாவல் ஒன்றை எழுதியவர் என்பதை, அவருடைய படைப்புகளைக் காத்துவரும் அறக்கட்டளை 2022இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மொழிகளை நேசிப்பவர் மனிதர்களையும் நேசிப்பார் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. மும்பையின் வரலாற்றுக்கு வரும்போது இவ்வுண்மை மீண்டும் தேவைப்படும்.

நான் முன்வைக்க விரும்பும் விளையாட்டு 2018இல் நூலாக வந்த 'டயலெக்ட்'. கேத்ரின் ஹைம்ஸ், ஹாக்கன் செயாலியோலு ஆகிய இருவரின் ஆக்கம். மொழியையும் அது மடியும் விதத்தையும் பற்றிய விளையாட்டு என்று அதன் துணைத்தலைப்பே கூறிவிடுகிறது. பகடை இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஆடுவோர் வெளியுலகிலிருந்து விலகி வாழும் ஒரு சமூகத்தைக் கற்பிக்கின்றனர். செவ்வாய்க் கோளில் கைவிடப்பட்ட குடியிருப்பு ஓர் எடுத்துக்காட்டு. அச்சமூகத்தை வரையறுக்கும் மூன்று கூறுகளை முதலில் தீர்மானிக்கின்றனர். பின்னர் ஒவ்வொருவரும் ஒரு சீட்டை இறக்க, அதில் குறித்த பொருளுக்கு, அந்தக் கூறுகளிலிருந்தே ஒரு புதுச்சொல் பிறக்கிறது. உடனே அச்சொல்லைப் பயன்படுத்தி ஓர் உரையாடலை நிகழ்த்துகின்றனர். காலம் மூன்று கட்டங்களாக நகர்கிறது; கூறுகள் மாறுகின்றன; சொற்களும் பொருள் திரிகின்றன. இறுதியில் அந்தத் தனிமை கலைகிறது, மொழியும் மடிகிறது. இம்முடிவை யாராலும் மாற்ற இயலாது. எந்தச் சொல் எவர் வாயில் எஞ்சும் என்பது மட்டுமே ஆடுவோர் கையில் உள்ளது.

சொற்பட்டியலை வைத்து மொழியின் அழிவை அளப்பது நம் வழக்கம். இவ்விளையாட்டோ ஒரு சொல்லுக்குத் தேவை எப்போது பிறந்தது, அத்தேவை எப்போது தீர்ந்தது என்று கேட்கிறது. ஒரு மொழியின் தேவை, அதைப் பேசுவோர் ஒருவரையொருவர் சந்திக்கும் இடங்களில் இருக்கிறது. இக்கருத்தை மும்பையில் பொருத்திப் பார்ப்போம்.

தாராவியின் முதல் தமிழ்க்குடிகளுள் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல்பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள். தொழில், ஊர்த்தொடர்பு, நிலையற்ற குடியிருப்பு ஆகியவற்றை அவர்களுடைய மூன்று கூறுகளாகக் கொள்ளலாம். நெல்லைப் பேச்சின் 'ஏலே'யும், மராத்தி தந்த 'கோலி'யும் 'நாக்கா'வும் ஒரே வாக்கியத்தில் அமரும் தமிழ் இக்கூறுகளின் விளைவு.

மாட்டுங்காவின் கதை வேறு. 1896இன் பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. எழுத்தர், தட்டச்சர், கணக்கர் பணிகளுக்கு வந்த பிராமணக் குடும்பங்கள், அவற்றுள் பாலக்காட்டுத் தமிழ் பேசியோர் பலர், அங்கு நிலைகொண்டன. கோயில், 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் தோன்றிய சண்முகானந்த சபா ஆகியவை அவர்களுடைய சந்திப்பிடங்கள்.

விளையாட்டின் விதி இங்குதான் இடறுகிறது. மொழி தனிமையில் பிறக்கிறது என்பது 'டயலெக்ட்' கொள்ளும் அடிப்படை. தாராவித் தமிழோ கலப்பில் பிறந்தது. குஜராத்திக் குயவரும் மராத்திக் கோலியரும் உத்தரப்பிரதேசத்துத் தொழிலாளரும் அதன் அண்டை வீட்டார். மும்பையில் தனிமை என்று ஒன்று இருந்ததெனில், அது தமிழருக்கும் தமிழருக்கும் இடையில் இருந்தது. தாராவியும் மாட்டுங்காவும் நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் உள்ளவை. இரண்டிலும் தமிழ் ஒலித்தது. ஒன்றின் சொல் மற்றொன்றின் வாயிலுக்குள் எளிதில் நுழையவில்லை. இடையே நின்ற எல்லைக்குச் சாதி என்று பெயர். இந்நிலைமைக்கான சீட்டு அவ்விளையாட்டில் இல்லை.

வெளியார் கண்ணுக்கு இந்த எல்லை தெரியவில்லை. 1960இல் மகாராட்டிரம் மொழிவழி மாநிலமாயிற்று. அதே ஆண்டில் தோன்றிய 'மார்மிக்' வார இதழ், நகரின் அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. எழுத்தர் பணிகளை முன்னிட்டு மூட்டப்பட்ட வெறுப்பு, அப்பணிகளின் வாசலையே கண்டிராத தாராவித் தொழிலாளியையும் உள்ளடக்கியது. தாய்மொழிப் பற்று இன்னொருவர் மொழியின்மீது கல்லாக விழுந்த காலம் அது. பார்க்கரின் வாழ்வு சொல்வதையே இந்நகரமும் தன் தெருக்களில் கண்டது.

செம்பூர் மூன்றாவது வட்டம். தேசப்பிரிவினைக்குப் பின் அகதிகள் குடியேறிய அப்புறநகருக்கு மாட்டுங்காவின் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் பெயர்ந்து சென்றன. அதற்கப்பால், நெருக்கடிநிலையின்போது, 1976 மே மாதத்தில், அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. தமிழர் பலரை உள்ளிட்ட ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். அவ்வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர்; பின்னாளில் உலகக் குடிசைவாழ் மக்களின் குரலானவர். ஒரு வட்டம் வசதி தேடிப் பெயர்ந்தது, மற்றொன்று பெயர்க்கப்பட்டது. ஆயினும் ஜனதா காலனி மக்கள் ஒரே இடத்துக்குச் சென்றதனால் அவர்களுடைய சந்திப்பிடங்கள் மீண்டும் எழுந்தன. மொழியும் உடன் சென்றது.

இன்று தாராவியின் முன் நிற்கும் நிலைமை அத்தகையதன்று. நடப்பிலுள்ள மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே வாழ்வதாக மெய்ப்பிக்கும் தரைத்தளக் குடும்பங்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. ஏனையோர்க்கு நகரின் வேறு பகுதிகளில் இடம். ஒரே சந்தின் இரு வீடுகள், ஒரு ஆவணத்தின் தேதியால் இரு திசைகளுக்குப் பிரியக்கூடும். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பிள்ளைகள் சிதறினால் வகுப்பறை எப்படி நிறையும்? மராத்தியையோ இந்தியையோ குறை கூறுவதில் பொருளில்லை. ஒரு பேச்சுவழக்கு, அதைப் பேச வேண்டிய தேவை கலையும்போதுதான் கலைகிறது.

ஆகவே தமிழ் மாணவர்க்கும் சமூகவியல் மாணவர்க்கும் ஒரு பரிந்துரை. இவ்விளையாட்டை வகுப்பறையில் ஆடிப் பாருங்கள். ஒரு விதியை மாற்றி ஆடுங்கள். ஒரு சமூகத்துக்குப் பதிலாக, ஒரே மொழி பேசும் இரு வட்டங்களை மேசைமேல் வையுங்கள். எவர் எவரை 'நீ' என்று அழைக்கலாம், எவர் எவரை 'நீங்க' என்று அழைத்தே ஆக வேண்டும் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். ஒரு வட்டத்தின் சொல் மற்றொன்றுக்குச் செல்ல என்ன விலை கொடுக்கிறது என்பதை ஆட்டத்தின் போக்கில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் தொண்ணூறு அடிச் சாலைக்குச் சென்று, அங்குள்ள முதியோரிடம் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கிளாமத்தின் அகராதி அச்சேறியபோது அதைப் பேசுவோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். தாராவித் தமிழுக்குப் பேசுவோர் இன்னும் நிறையவே உள்ளனர். அதன் அகராதிதான் இல்லை.