வீட்டைக் கட்டிப் பார்த்த மௌனப்படம்

சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டரில் விடிந்ததும் ஒரு தாளைக் கிழிப்பது தமிழ்நாட்டு வீடுகளின் வழக்கம். அப்படித் தாள் கிழிவதைக் காட்டியே ஒரு குடும்பக் கதையை நகர்த்திய மௌனப்படம் ஒன்று உண்டு. அது, பஸ்டர் கீட்டனும் எட்வர்ட் கிளைனும் 1920-இல் எடுத்த ‘ஒன் வீக்’.

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் பழமொழி. இந்தப் படத்தின் நாயகன் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்கிறான். கல்யாணப் பரிசாக ஒரு வீடு பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. எண் வரிசைப்படி பொருத்தினால் வீடாகும். மணப்பெண் மேல் ஆசை வைத்து ஏமாந்தவன் எண்களை மாற்றி எழுதிவிட, வீடு கோணல்மாணலாக எழுகிறது. புயலில் ராட்டினமாய்ச் சுற்றுகிறது. வேறு மனைக்கு இழுத்துப் போகையில் தண்டவாளத்தில் சிக்குகிறது. வந்த ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போனதும் தம்பதி இருவரும் பெருமூச்சு விடுகிறார்கள். எதிர்த்திசையில் வந்த இன்னொரு ரயில் வீட்டை நொறுக்குகிறது. ‘விற்பனைக்கு’ என்ற பலகையை வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் கைகோத்து நடக்கிறார்கள்.

மௌனக் குடும்ப நகைச்சுவையின் அழகு இங்கேதான் இருக்கிறது. பண்டபாத்திரம் உடையலாம், கூரை பறக்கலாம். பிடித்த கை விடுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டியதில்லை.

நம் ஊர்களிலும் மௌனப்படம் ஓடியதுண்டு. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1931-இல் ‘காளிதாஸ்’ படம் தமிழில் பேசும் வரை தமிழர் பார்த்தவை பெரும்பாலும் பேசாப் படங்களே. படத்தின் நடுவே எழுத்து அட்டை வந்தால் கொட்டகையில் ஒருவர் உரக்க வாசித்து விளக்குவார். சிரிப்புக்கு மட்டும் அந்த உதவி தேவைப்படவில்லை.

அன்றைய படச்சுருள் நைட்ரோ செல்லுலோசால் ஆனது. வெடிப்பஞ்சுக்கு நெருங்கிய உறவு. தீப்பொறி பட்டால் என்னாகும் என்று சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழில் செய்யும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எரிந்தும் உளுத்தும் போனவை போக, இந்தியாவின் மௌனப்படங்களில் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. நம் பாட்டன்மார் பார்த்துச் சிரித்தவற்றில் பலவற்றை இனி நாம் பார்க்க முடியாது.

‘ஒன் வீக்’ தப்பியது. அரை மணிக்கும் குறைவான படம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பெற்றோரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பிள்ளைகளோடும் தாத்தா பாட்டியோடும் உட்கார்ந்து அதைப் பாருங்கள். மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் சிரிக்கும்.