குதிரைக்காரரின் பேச்சு

வில்லியம் நாக்கின் எழுத்தைக் குதிரை பக்தி என்று சுலபமாக ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவின் 'நியூஸ்டே' நிருபரான அவர், 1973இல் விடியற்காலைகளில் செக்ரடேரியட்டின் லாயத்தில் நோட்டும் கையுமாகக் கிடந்தார். அந்த ஜூனில் அது நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. 1975இல் புத்தகம் எழுதினார். 1989இல் குளம்பு நோய் முற்றி அதைக் கருணைக்கொலை செய்தபோது அழுதார்; மறுவருஷம் மறுபடி எழுதினார்.

சரி, பக்திதான். ஆனால் பந்தய வரலாறு என்பது முதலாளிகளின், குதிரைகளின் வம்சாவளி. அதில் குதிரைக்காரனுக்கு ஏது இடம்? நாக்கின் பக்கங்களில் எடி ஸ்வெட் இருக்கிறார்: கறுப்பர், குதிரையைக் குளிப்பாட்டியவர், அதோடு பேசிக்கொண்டே இருந்தவர். குதிரையைப் பார்க்கப் போனவர் காதில் அந்தப் பேச்சும் விழுந்துவிட்டது. அதே 1973இல்தான் குதிரையின் இனப்பெருக்க உரிமை பங்குகளாக 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ஸ்வெட் 1998இல் கையில் காசில்லாமல் செத்துப்போனார்.